என்ன துப்பாக்கி

1986-ல் நான் எழுதிய ஒரு கவிதையில் துப்பாக்கி வருகிறது. அதற்கு முன்னும் பின்னுமாக இன்னும் ஆறு கவிதைகளில் வருகிறது என்பதைச் சமீபத்தில்தான் எண்ணிப் பார்த்தேன். எனக்கு மட்டும் நேர்ந்தது அல்ல அது. 1983 ஜூலைக்குப் பிறகு நம்மில் பலருடைய கவிதைகளில் அது வந்தது. சேலம் மாவட்டத்துக் கொளத்தூர்ப் பக்கமும் ஒரத்தநாட்டுப் பக்கமும் ஈழத்து இளைஞர்களுக்குப் பயிற்சி முகாம்கள் இருந்த காலம். சிலர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் போகவில்லை. பொருட்காட்சியில் பலூன் சுடும் காற்றுத் துப்பாக்கியை நீக்கிவிட்டால் அன்று வரை நான் எந்தத் துப்பாக்கியையும் தொட்டதில்லை. அதன்பிறகும் முப்பத்தேழு வருஷங்கள் தொடவில்லை. ஆனால் சொல் தயாராக இருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் எப்போதும் இருந்தது.

கவிதை வந்த சிறுபத்திரிகை ஐந்து இதழ்களோடு நின்றுபோயிற்று. அதைப் படித்தவர்களில் ஒருவர் மட்டுமே உருப்படியாக ஒரு கேள்வி கேட்டார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

சென்னையில் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் குடகைச் சேர்ந்தவன். அவனுடைய அப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வெலிங்டனில் சில வருஷங்கள் இருந்ததால் தமிழ் பேசுவார். உத்தரவு போடுவதற்கு ஏற்ற தமிழ். 1988-ல் ஏதோ வேலையாகச் சென்னை வந்தவர் எங்களைப் பார்க்க வந்தார். நண்பன் வேண்டுமென்றே அந்தக் கவிதையை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினான். அவர் கடைசி வரை கேட்டார்.

“என்ன தோக்கு, தம்பி?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர்கள் பாஷையில் தோக்கு என்றால் துப்பாக்கி.

“குறிப்பாக எதுவும் நினைக்கவில்லை அய்யா. பொதுவாகத் துப்பாக்கி.”

“கறுப்புப் புகை என்று போட்டிருக்கிறாய். இந்தக் காலத்துத் தோட்டாவில் புகையே இல்லை. பழைய கருமருந்து என்றாலும் வெள்ளையாகத்தான் வரும். அப்புறம் விசையை இழுத்தான் என்கிறாய். இழுத்தால் குழல் திரும்பிவிடும். அழுத்த வேண்டும். அதுவும் தனக்கே தெரியாமல்.”

நான் படிமம் என்பது பற்றி அவருக்கு விளக்கினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, “சரி. செப்டம்பர் மூன்றாம் தேதி ஊருக்கு வா. தேங்காய் சுடலாம்” என்றார்.

நான் போகவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் நண்பன் ஒரு இன்லண்ட் கடிதம் எழுதுவான், அப்பா உன்னைக் கேட்டார் என்று. எனக்குக் காரணங்கள் இருந்தன. முதலில் அவை கொள்கைக் காரணங்கள்: நிலம் வைத்திருப்பவர்கள் திருவிழாவுக்குச் சுட்டு விளையாடுகிறார்கள், அதில் எனக்கு என்ன வேலை? 1991 மே மாதத்துக்குப் பிறகு துப்பாக்கி என்ற சொல்லே என் கவிதையிலிருந்து போய்விட்டது. அதை ஒரு முதிர்ச்சி என்று அப்போது ஒரு நண்பர் கட்டுரையில் எழுதினார். எடுத்தபோது எவ்வளவு யோசித்தேனோ அவ்வளவுதான் விட்டபோதும் யோசித்தேன். கடிதங்கள் தொலைபேசி அழைப்புகளாக மாறின. 2022 ஜூலையில் பெரியவர் இறந்தார். எண்பத்தெட்டு வயது. நண்பன் கூப்பிட்டுச் சொன்னான். அதற்கும் நான் போகவில்லை. மழை, முட்டிவலி என்று ஏதோ சொன்னேன்.

2023 செப்டம்பரில் போனேன்.

மைசூரிலிருந்து ஹுன்சூர், கோணிக்கொப்பல் வழியாக விராஜ்பேட்டைக்கு பஸ். அந்த ஆகஸ்டில் கர்நாடகம் முழுக்க மழை பொய்த்திருந்தது. நடவு முடிந்த வயல்கள் இருக்க வேண்டிய பச்சையில் இல்லை. காப்பிக் காய்கள் மட்டும் கொத்துக் கொத்தாகக் கெட்டியாக இருந்தன. நண்பனின் வீடு ஊரிலிருந்து தள்ளி, தோட்டத்துக்கு நடுவில். நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் தேதி மாலை ஆகிவிட்டது. கைல்பொள்த் பூஜை முடிந்திருந்தது. கைல் என்றால் ஆயுதம். நடவு முடியும் வரை ஆயுதங்கள் பூஜை அறையில் இருக்கும். அன்று வெளியே எடுத்துச் சந்தனம் வைப்பார்கள். முன்பெல்லாம் மறுநாளிலிருந்து வேட்டை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் வேட்டை போய்விட்டது. தேங்காய் மிச்சம்.

துப்பாக்கிகள் இன்னும் பூஜை அறையிலேயே சாத்தி வைக்கப்பட்டிருந்தன. ஒரு இரட்டைக்குழல், ஒரு பாயிண்ட் இருபத்திரண்டு ரைபிள். இரண்டின் குழல்வாயிலும் ஒரு பூவைச் செருகியிருந்தார்கள். தோக்குப்பூ என்றான் நண்பன். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். காந்தள். இரண்டாயிரம் வருஷமாகப் பெண்களின் விரலுக்கு உவமையாக நாம் வைத்திருக்கும் பூ. தமிழ்நாட்டின் அரசுப் பூ. நவம்பரில் ஈழத்து மாவீரர் நாளுக்கு வரும் கார்த்திகைப்பூ. கிழங்கு நஞ்சு. இங்கே அதன் பெயரே துப்பாக்கிப் பூ. இதை வைத்து ஒரு கவிதை எழுதிவிடலாம் என்று மனசு உடனே கணக்குப் போட்டது. அந்தக் கை இன்னும் பழைய கைதான்.

மறுநாள் காலையில் வேறு யாரும் இல்லை. விருந்தினர்கள் போய்விட்டார்கள். நண்பன், நான், அவனுடைய அம்மா, ஒரு நாய். முந்தின நாளின் பன்றிக்கறியும் கடம்பிட்டும் மிச்சம் இருந்தன. சாப்பிட்டுவிட்டுப் பத்து மணி வாக்கில் வீட்டுக்குப் பின்னால் போனோம். பழைய களத்துமேடு. அதற்கப்பால் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் ஒரு செம்மண் சரிவு. சுடுவதற்கு முதலில் பார்க்க வேண்டியது குறியை அல்ல, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை, என்றான் நண்பன். பாயிண்ட் இருபத்திரண்டின் குண்டு சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. தடுக்க எதுவும் இல்லாவிட்டால் ஒரு மைல் போகும். மண் வேண்டும். இதை அவன் சொன்ன தொனி அவனுடையதல்ல.

டப்பாக்களையும் தேங்காய்களையும் கொண்டுவந்து வைத்தவர் எரவ இனத்து முதியவர் ஒருவர். அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருப்பவர். பெரியவரோடு காடெல்லாம் சுற்றியவர். ஒடிந்த புல்லைப் பார்த்து எந்த மிருகம் எப்போது போனது என்று சொல்வாராம். முப்பது அடி தள்ளி ஒரு பலகையில் டப்பாக்களை வரிசையாக வைத்தார். தேங்காய்களைக் கயிற்றில் கட்டி ஒரு பலா மரத்துக் கிளையில் தொங்கவிட்டார். பிறகு எங்களுக்குப் பின்னால் வந்து, சரியாக எங்கே நிற்க வேண்டுமோ அங்கே குந்தி உட்கார்ந்தார்.

“இவர் சுடுவாரா?” என்று கேட்டேன்.

“அவருக்கு ஜம்மா இல்லை” என்றான் நண்பன்.

விஷயம் இதுதான். 1857-க்குப் பிறகு வெள்ளைக்காரன் இந்தியர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தபோது, 1861-ல் மைசூர் கமிஷனர் மார்க் கப்பன் குடகர்களுக்கு விலக்கு அளித்தார். விசுவாசத்துக்குப் பரிசு. சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. குடவ இனத்தில் பிறந்தவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஆயுதச் சட்டத்தின் லைசென்ஸ் தேவையில்லை. ஒரு விலக்குச் சான்றிதழ் போதும். 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. எதிர்த்துப் போட்ட வழக்கில் 2021-ல் கர்நாடக உயர்நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது. இனத்தால் கிடைக்கும் உரிமை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதை அவனிடம் சொல்லவும் செய்தேன், அவனுடைய களத்துமேட்டில், அவனுடைய தோட்டாக்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. “சரி, அப்புறம் பேசலாம். காதில் பஞ்சு வை” என்றான்.

முதலில் ரைபிள். ஒரு பாயை விரித்து, நெல் மூட்டை ஒன்றைப் போட்டு, அதன்மேல் துப்பாக்கியை வைத்துக் குப்புறப் படுக்கச் சொன்னான். பின்னால் ஒரு வெட்டு. குழல் நுனியில் ஒரு முளை. வெட்டுக்குள் முளை, முளைக்கு மேல் டப்பா. சுலபம் என்று பட்டது. ஆனால் கண் மூன்று தூரங்களை ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்காது. டப்பாவைத் தெளிவாகப் பார்த்தால் முளை கலங்குகிறது. முளையைப் பார்த்தால் டப்பா பஞ்சுப்பொதி போல் ஆகிவிடுகிறது. நான் டப்பாவைப் பார்த்தேன். ஐந்து குண்டுகளும் மண்ணில்.

“டப்பாவைப் பார்க்காதே. முளையைப் பார். டப்பா கலங்கட்டும்.”

துரோணர் கேட்க, பட்சியின் கண்ணைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை என்று அர்ஜுனன் சொன்னானே என்றேன். “அப்பாவிடம் இதை ஒரு வாத்தியார் சொன்னார். வில்லுக்கு முளை கிடையாது; துப்பாக்கி கொடுத்திருந்தால் அர்ஜுனனுக்குப் பட்சி கிடைத்திருக்காது என்றார் அப்பா” என்றான் அவன்.

முளையைப் பார்த்துச் சுட்டேன். ஒரு டப்பா தாவி விழுந்தது. அந்தச் சந்தோஷத்தை இங்கே குறைத்துச் சொல்ல மாட்டேன். வயிற்றிலிருந்து வந்தது. அறுபது வயது ஆளுக்குப் பாயில் படுத்துக்கொண்டு இன்னொன்று, இன்னொன்று என்று கை நீட்டத் தோன்றியது. சத்தம்கூடப் பெரிதில்லை, காய்ந்த குச்சியை முறிப்பது போல. மூச்சை உள்ளே இழுத்து, பாதி விட்டு, நிறுத்தி, அந்த இடைவெளியில் விரல் அழுத்துகிறது. எப்போது வெடிக்கும் என்பது எனக்கே தெரியாமல் இருந்தபோதெல்லாம் பட்டது. இப்போது என்று தீர்மானித்தபோதெல்லாம் தவறியது. பெரியவர் 1988-ல் விடுதி அறையில் சொன்ன அதே வாக்கியம். அதை அன்று நான் கேட்டிருந்தேன்; காதால் மட்டும்.

அன்றைய பொழுதில் முக்கால்வாசி ஒன்றும் நடக்காத பொழுது. சுட்டது இருபது நிமிஷம் இருக்குமா? மற்ற நேரமெல்லாம் காப்பி குடித்தோம், அட்டை பிடுங்கினோம், பழைய விடுதி வார்டன் பற்றிப் பேசினோம். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு குருவிகள் நின்றுபோகும். திரும்ப முதலில் தொடங்குவது எப்போதும் குக்குறுவான்தான். நாய் முதல் வெடிக்கே பத்தாயத்துக்கு அடியில் போனது, மாலை வரை வரவில்லை. தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து இரண்டு பையன்கள் வந்து காலித் தோட்டாக்களைப் பொறுக்கி மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டே இருந்தார்கள். நானும் ஒன்றை முகர்ந்தேன். தீபாவளிக்கு மறுநாள் காலையின் வாசனை, கொஞ்சம் எண்ணெயோடு.

மதியத்துக்குப் பிறகு இரட்டைக்குழலை எடுத்தான். பர்மிங்ஹாமில் செய்தது. பன்னிரண்டு போர். இந்தப் பன்னிரண்டு என்பது அங்குலக் கணக்கு அல்ல: குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. தமிழில் எழுதினால் பன்னிரண்டு யுத்தம் என்றுதான் படிக்க முடியும். என் பழைய கவிதைக்கு மிகவும் பொருத்தமாக இருந்திருக்கும். நல்லவேளை, தெரியாமல் போயிற்று. மூன்று கிலோவுக்கு மேல் இருந்தது. என் ஏழு கவிதைகளில் எதிலும் துப்பாக்கிக்கு எடை இல்லை.

தோளில் வைத்தேன். தொங்கும் தேங்காயைக் குறி பார்த்தேன். நண்பன் முன்னால் வந்து என் முகத்தையே பார்த்துவிட்டு, துப்பாக்கியை வாங்கிக்கொண்டான். “அந்தப் பாக்கு மரத்தை விரலால் காட்டு. இரண்டு கண்ணையும் திறந்தபடி. இப்போது இடது கண்ணை மூடு.” மூடினேன். விரல் மரத்திலிருந்து நகர்ந்து வேலிக்குப் போய்விட்டது. வலது கண்ணை மூடிப் பார்த்தேன். விரல் மரத்திலேயே நின்றது. “உனக்கு இடது கண்தான் எஜமான். வலது கையால் எழுதுகிறாய், இடது கண்ணால் பார்க்கிறாய். நிறையப் பேருக்கு இப்படி உண்டு” என்றான். இது அறுபது வருஷமாக எனக்குத் தெரியாது. இடது தோளுக்கு மாற்றச் சொன்னான். உடம்பு மறுத்தது. பல் தேய்க்கும் கையை மாற்றினது போல் இருந்தது.

சிதறுகுண்டுத் துப்பாக்கியில் பின்னால் வெட்டு கிடையாது. குழல் நுனியில் ஒரு பித்தளை மணி மட்டும் இருக்கும். பின்னால் உள்ள குறி உன் கண்தான். கன்னத்தைக் கட்டையில் எங்கே வைக்கிறாயோ அதைப் பொறுத்தது எல்லாம். முன்விசை வலது குழலுக்கு, பின்விசை இடது குழலுக்கு. கட்டையைத் தோளோடு இறுக்காவிட்டால் உதைக்கும். நான் இறுக்கவில்லை. உதைத்தது. தேங்காய் ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது வெடிக்கு அதன் அடிப்பாகம் தெறித்துத் தண்ணீர் கொட்டியது. பின்னால் குந்தியிருந்த முதியவர் ஒரு சத்தம் போட்டார். பாராட்டா சிரிப்பா தெரியவில்லை.

மூன்றாவது தடவை விசையை அழுத்தியபோது ‘டிக்’ என்றது. அவ்வளவுதான். நான் துப்பாக்கியை இறக்கப் போனேன்.

“அசையாதே!”

நண்பனின் குரல் மாறியிருந்தது. “குழல் மண்ணைப் பார்த்தே இருக்கட்டும். திறக்காதே. முப்பது எண்ணு.” சில சமயம் தோட்டாவின் பொட்டு அடிபட்டும் மருந்து உடனே பற்றாது; தாமதமாகப் பற்றும்; அதற்குள் திறந்தால் முகத்தில் வெடிக்கும். நான் எண்ணினேன். அவனும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தான். முப்பதுக்குப் பிறகு அவனே வந்து முறித்துத் தோட்டாவை எடுத்தான். பித்தளை அடியின் நடுவே ஊசி குத்திய பள்ளம் இருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே நெல் மூட்டைமேல் உட்கார்ந்தான்.

“அப்பா போன அன்றைக்கும் இப்படி ஆயிற்று” என்றான்.

குடகில் ஆண் குழந்தை பிறந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. சாவுக்கு இரண்டு வெடி. கேட்டதும் அக்கம்பக்கத்தார் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வருவார்கள். ஜூலை மாதம், விடியற்காலை, நிற்காத மழை. இவன் முற்றத்தில் நின்று இதே துப்பாக்கியால் முதல் குழலைச் சுட்டான். இரண்டாவது ‘டிக்’ என்றது. தோட்டா நமுத்திருந்தது. திறந்து வேறு தோட்டா போட ஐந்து விநாடி ஆகாது. ஆனால் சிறுவயதில் அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்த முதல் நாளிலேயே அப்பா சொல்லிக்கொடுத்தது முப்பது எண்ண வேண்டும் என்பது. எண்ணினான். “உள்ளே அப்பா கிடக்கிறார். நான் மழையில் குழலை மேலே தூக்கிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன். பதினேழோ பதினெட்டோ வந்தபோது அழுகை வந்து எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து.”

இரண்டாவது வெடி கேட்பதற்குள் நேரம் போய்விட்டது. மழைச் சத்தத்தில் பலருக்கு அது கேட்கவும் இல்லை. கீழ்வீட்டுக் கிழவி ஒருத்தி, இவன் தம்பி மகள் நிறைமாதமாகப் பிரசவத்துக்கு வந்திருப்பது தெரிந்தவள், ஆண் குழந்தை என்று நினைத்துக் குடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே படியேறி வந்தாள். வாசலில் இவன் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பை உடனே நிறுத்த முடியாமல் நின்ற கோலத்தைச் சொல்லும்போது நண்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. கொஞ்ச நேரம் இருவரும் நெல் மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தோம். பையன்கள் எங்களைப் பார்த்தார்கள்.

நான் அன்றைக்கு வந்திருக்க வேண்டும் என்று சொன்னேன்.

“ஆமாம். வந்திருக்க வேண்டும்” என்றான். பரவாயில்லை என்று சொல்வான் என எதிர்பார்த்திருந்தேன் என்பது அவன் சொல்லாதபோது தெரிந்தது.

பிறகு நாங்கள் அதிகம் சுடவில்லை. கடைசி இரண்டு தோட்டாக்களை அவன் முதியவரிடம் நீட்டினான். நான் கேட்டதற்காகவா, தானாகவா, தெரியாது. முதியவர் தோட்டாக்களை வாங்கிப் பார்த்து, வெயிலில் காட்டி, மறுபடி அவன் கையிலேயே வைத்துவிட்டார். அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன். “பெரியவர் கொடுத்ததில்லை, நீ ஏன் கொடுக்கிறாய் என்கிறார்.” அது பணிவா கோபமா என்பதை மொழிபெயர்ப்பில் பிடிக்க முடியவில்லை. நண்பனாலும் முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவன் நெடுநேரம் தோட்டாக்களைக் கையிலேயே வைத்திருந்தான்.

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து குழல்களைத் துடைத்தோம். கம்பியில் துணி சுற்றி, எண்ணெய் தொட்டு, உள்ளே விட்டு இழுப்பது. முதல் துணி கறுப்பாக வந்தது, இரண்டாவது சாம்பலாக, நான்காவது கிட்டத்தட்ட வெள்ளையாக. கறுப்பு என்பது இங்கே இருக்கிறது, புகையில் அல்ல, என்று பெரியவரிடம் சொல்லத் தோன்றியது. என் தோள்பட்டையில் நாணயம் அளவுக்குக் கன்றிப்போயிருந்தது. இடது தோளில்.

நாய் பத்தாயத்துக்கு அடியிலிருந்து வெளியே வந்து எங்கள் இருவரையும் மோந்து பார்த்தது. தூறல் ஆரம்பித்தது. உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார்:

“தேங்காய் எத்தனை விழுந்தது?”

“மூன்று” என்றான். இரண்டு அவனுடையது.

“எடுத்துக்கொண்டு வா. ராத்திரிக்குத் துவையலுக்கு ஆகும்.”

“உள்ளே ஈயக் குண்டு இருக்கும் அம்மா.”

“ஓ, பெரிய துப்பாக்கியா? அப்படியானால் வேண்டாம்” என்றார் அம்மா. “மரத்தடியிலேயே கிடக்கட்டும்.”